ஒரு பல் தள்ளி

ஐம்பதில் இல்லை. எழுபதிலும் இல்லை.
எண்பத்தைந்தைத் தொட்டதும்
இருக்கைக்கு அடியில் யாரோ
மாவு சலிக்கத் தொடங்குகிறார்கள்.
தொண்ணூற்றைந்தில்
பின்னால் வரும் லாரிக்கு, கண்ணாடியில்,
நான்கு விளக்குகள்.
நூற்றுப்பத்தில் எல்லாம் அடங்கி
என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடும்.

ஒன்பதாம் நெடுஞ்சாலையில்
நூற்றுப்பத்து என்றால் போலீஸ்.
எண்பது என்றால்
முதுகுக்குப் பின்னால் தானிய லாரியின் ஹாரன்.
ஆகவே தொண்ணூற்றைந்தில்
பல்லைக் கடித்துக்கொண்டு
கனோராவுக்கும் யார்க்டனுக்கும் நடுவே
குளிர்காலம் முழுக்க அதிர்ந்தேன்.

மே மாதம் பெட்டிகளை ஏற்றினேன்.
இருபத்திரண்டு பெட்டி, பட்டை போட்டு இறுக்கி.
இறக்கிய இடத்தில் மூடியைத் திறந்தால்
புகையையும் மதிக்காமல்
நேராக என் முகவலைக்கு வந்தன தேனீக்கள்.
அவற்றுக்கு ஸ்பீடாமீட்டர் தெரியாது.
கால்களால் கேட்கின்றன.

டயர்க் கடை ஓரெஸ்டுக்கு
பிடித்த முயலுக்கு மூன்றே கால்.
"பேலன்ஸ்," என்றான்.
நான்கு சக்கரத்தையும் சுழற்றி
ஈயத் துண்டு ஒட்டினான். அறுபது டாலர்.
அதிர்ந்தது.
இன்னொரு முறை ஒட்டினான், இலவசமாக.
இலவசமாகவும் அதிர்ந்தது.
"ரோடு," என்றான் கடைசியில்,
மாகாணத்தின் சாலைகள் அத்தனையையும்
ஒரே துணியில் துடைத்துவிட்டு.

பிறகு நானே.
தேன் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கம்,
பென்சிலில்:
பிரேக்கைத் தொட்டால் கூடுகிறதா? இல்லை.
ஸ்டியரிங் நடுங்குகிறதா? இல்லை, இடுப்புதான்.
நியூட்ரலில் தள்ளி உருளவிட்டால்?
எஞ்சின் மூச்சைத் தணித்த அந்தப் பத்து வினாடியும்
அதே சலிப்பு.
எஞ்சின் நிரபராதி.
முன் சக்கரங்களைப் பின்னுக்கு மாற்றினேன்,
பின்னதை முன்னுக்கு.
அதிர்வு இடம் மாறவில்லை.
டயரும் நிரபராதி.
ஓரெஸ்டிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அதே பக்கத்தின் மூலையில்
பென்சில் முனை ஒடிய எழுதியிருந்தேன்: டெல்பர்ட்.
தங்கை கணவன். செப்டம்பரில்
மூஸ் வேட்டைக்கு வண்டியை வாங்கிப்போய்
விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல்
ஏற்றி இறக்கியதாக
அவன் வாயாலேயே சொன்னான், சிரித்துக்கொண்டு.
கிறிஸ்துமஸ் மேசையில்
உருளைக்கிழங்குப் பாத்திரத்தை
அவனைத் தாண்டித்தான் நீட்டினேன்.

ஜூனில் அவனையே கூப்பிட வேண்டியதாயிற்று.
டார்ச் பிடிக்க வேறு ஆள் இல்லை.
பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி
அட்டை விரித்து இருவரும் அடியில் மல்லாந்தோம்.
இரண்டு துண்டு டிரைவ் ஷாஃப்ட்.
நடு பேரிங் சுத்தம்.
ஜாயின்ட்டை முறுக்கிப் பார்த்தேன், இம்மியும் ஆடவில்லை.
புதியதாயிற்றே. நான் போட்டது.
அக்டோபரில், கொட்டகையில், மைனஸ் பதினொன்றில்,
நெற்றி விளக்கின் பேட்டரி செத்துக்கொண்டிருக்க,
மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய நானூறு டாலரை மிச்சம் பிடித்து
நானே போட்டது.
ஒரு வாரம் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

டெல்பர்ட்டின் டார்ச் நகர்வதை நிறுத்தியது.

இரண்டு துண்டும் சேரும் இடத்தில், கிரீஸுக்கு அடியில்,
இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் பெயின்ட் புள்ளி.
அந்தப் பக்கம் ஒரு மஞ்சள் பெயின்ட் புள்ளி.
எனக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் யாரோ
நேருக்கு நேர் வைத்த குறி.
இப்போது ஒரு பல் தள்ளி நின்றன.
ஒரே வரிசையில் நிற்க வேண்டிய காதுகளில்
ஒன்று சற்றே திரும்பி
வேறு யாரையோ கேட்டுக்கொண்டிருந்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
பாவம் அட்டையில் மல்லாந்திருந்தது,
முடியில் கிரீஸோடு.
டெல்பர்ட் ஒன்றும் சொல்லவில்லை.
வெளிச்சத்தை என் முகத்துக்குத் திருப்பவும் இல்லை.
ஸ்பேனரை எடுத்து நீட்டினான்.

கழற்றி, துடைத்து, ஒரு பல் திருப்பி,
புள்ளிக்குப் புள்ளி வைத்துத் தள்ளினேன்.
நழுவி உட்கார்ந்தது.

தொண்ணூற்றைந்து.
கண்ணாடியில் லாரிக்கு இரண்டே விளக்கு.
இருக்கை வெறும் இருக்கை.
அப்போதுதான் கேட்டது,
டேஷ்போர்டுக்குள் எங்கேயோ
க்ளிக், க்ளிக் என்று ஒன்று.
எட்டு மாதமும் இருந்திருக்கும்.
டெல்பர்ட் அதன்மேல் உள்ளங்கையை வைத்தான்,
எடுத்தான், மறுபடி வைத்தான்.

"இது நான் இல்லை," என்றான்.